மெதியதோரா, இன்தெர்மெதியாரியோவா, ஆர்பித்ரோவா? நடுவே நிற்பவருக்கு ஸ்பானிஷில் எந்தச் சொல்

ஸ்பானிஷ் படிக்கிறவர்கள், அதிலும் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போகிறவர்கள், ஒரு கட்டத்தில் இந்த இடத்தில் வந்து சிக்கிக்கொள்கிறார்கள். இரண்டு தரப்புக்கு நடுவே நின்று பேசுகிற ஆளை ஸ்பானிஷில் என்ன சொல்வது? அகராதியைத் திறந்தால் மெதியதோர், இன்தெர்மெதியாரியோ, கொன்சிலியதோர், ஆர்பித்ரோ, கொம்போனெதோர், ஃபசிலிததோர் என்று ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது. எதிர்ப்பக்கத்தில் மத்தியஸ்தர், நடுவர், இடையாள் என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது. எதை எடுத்தாலும் ஓரளவு புரிந்துவிடும் என்பதுதான் இதில் ஆபத்து. புரிந்தவர் வேறு எதையோ புரிந்துகொண்டிருப்பார், அது ஒப்பந்தத்திலோ வழக்கிலோ போய் முட்டும்போதுதான் தெரியவரும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகராறு, மனஸ்தாபம், சமரசம் என்றால் மெதியதோரில் தொடங்குங்கள். ஆனால் அந்த ஆள் தீர்ப்புச் சொல்கிறாரா, யார் கையிலிருந்து காசு வாங்குகிறார், எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்ற மூன்றையும் கேட்காமல் அதை உறுதி செய்துவிடாதீர்கள். இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் சொல் மாறிவிடும்.

(உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு: இங்கே எழுதியிருப்பது லத்தீன் அமெரிக்க உச்சரிப்பை ஒட்டியது. மெதியதோரில் வருகிற ‘த’வை ‘மாதம்’ என்ற சொல்லில் வருகிற மாதிரி மென்மையாகச் சொன்னால் போதும்.)

## எதையெல்லாம் வைத்துப் பார்ப்பது

முதல் கேள்வி, முடிவு யாருடையது. நடுவே இருப்பவர் பேசவைப்பதோடு நிறுத்திக்கொள்கிறாரா, ‘இப்படி முடித்துக்கொள்ளலாமே’ என்று யோசனை சொல்கிறாரா, இல்லை ‘இதுதான் தீர்ப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாரா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் சொற்கள் கழிந்துவிடும்.

இரண்டாவது, காசு. கமிஷன் வாங்குகிறவருக்கும் இரு தரப்பும் சமமாகக் கட்டணம் கொடுக்கிறவருக்கும் ஸ்பானிஷ் ஒரே சொல்லைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஒரே சொல்லைக் கொடுக்கிற இடமும் ஒன்று உண்டு, அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். கீழே வருகிறேன்.

மூன்றாவது, நாடு. ஸ்பானிஷ் இருபது நாடுகளின் அரசு மொழி, அந்த இருபதிலும் தனித்தனிச் சட்டம். ஒரே வேலையைச் செய்கிறவர் புவெனோஸ் ஐரெஸில் ஒரு பெயரிலும் பொகோதாவில் இன்னொரு பெயரிலும் மெக்சிகோ நகரத்தில் மூன்றாவது பெயரிலும் இருப்பார். பேச்சில் இது பெரிய விஷயமில்லை. காகிதத்தில் பெரிய விஷயம்.

நான்காவது, மரியாதை. சில சொற்கள் ஒரு ஊரில் பெருமை, இன்னொரு ஊரில் வசை. இதை அகராதி சொல்லும், ஆனால் சின்ன எழுத்தில் சொல்லும்.

| சொல் | முடிவு யாருடையது | காசு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|
| மெதியதோர் | தரப்பினருடையது | பெரும்பாலும் இரு தரப்பும் பகிரும் கட்டணம் | குடும்பம், அக்கம்பக்கம், நாடுகளின் பேச்சுவார்த்தை |
| இன்தெர்மெதியாரியோ | தரப்பினருடையது | கமிஷன் அல்லது லாபம் | வியாபாரம், விளைபொருள், நிதி |
| ஆர்பித்ரோ | அவருடையது | கட்டணம் | ஒப்பந்தத் தகராறு, கால்பந்து |
| கொன்சிலியதோர் | தரப்பினருடையது, யோசனை அவருடையது | சமரச மையம் அல்லது அரசு வழியாக | கொலம்பியா, பெரு, ஸ்பெயினின் தொழிலாளர் தகராறு |
| அமிகாப்லே கொம்போனெதோர் | அவருடையது | கட்டணம் | சட்ட ஆவணம் மட்டும் |
| ஃபசிலிததோர் | தரப்பினருடையது | இடத்துக்கு இடம் மாறும் | மெக்சிகோ, சமாதானப் பேச்சு |
| பலப்ரேரோ | இரு குலங்களுடையது | மரபுப்படி | குவாஹிரா (கொலம்பியா, வெனிசுவேலா எல்லைப் பகுதி) மட்டும் |

## மெதியதோர்

மெதியார் என்றால் நடுவில் இருப்பது, நடுவில் புகுந்து பேசுவது. அதைச் செய்கிறவர் மெதியதோர், பெண் என்றால் மெதியதோரா. நம் மத்தியஸ்தருக்கு மிக நெருங்கியது இதுதான். ஸ்பெயினில் 2012-ல் வந்த 5-ஆம் எண் சட்டம், சிவில், வணிக விவகாரங்களில் மெதியசியோன் என்றால் என்னவென்று வரையறுக்கும்போது, தரப்பினர் தாங்களாகவே ஓர் உடன்பாட்டுக்கு வர முயல்வது, அதில் ஒரு மெதியதோர் துணைநிற்பது என்ற அர்த்தத்தில்தான் சொல்கிறது. அந்த ‘தாங்களாகவே’தான் சொல்லின் உயிர். ‘மெதியதோர் தீர்ப்பளித்தார்’ என்று எழுதினீர்கள் என்றால் ஸ்பானிஷ்காரருக்கு அங்கே ஏதோ இடிக்கும்.

இந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பின்னால் வரும் முன்னிடைச் சொல்லைப் பார்த்தாலே எந்த மெதியதோர் என்று தெரிந்துவிடும். ‘என்த்ரே’ வந்தால் இன்னாருக்கும் இன்னாருக்கும் நடுவே நிற்பவர். ‘என்’ வந்தால் இன்ன தகராறில் நடுவே நிற்பவர். இரண்டும் சமாதானக்காரர்கள். ‘தே’ வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். மெதியதோர் தே செகூரோஸ் என்றால் காப்பீடு விற்றுக்கொடுப்பவர். ஸ்பெயினில் காப்பீட்டு முகவரையும் தனித்து இயங்கும் காப்பீட்டுத் தரகரையும் சேர்த்துச் சொல்லும் சட்டச் சொல் இது. 2006-ல் வந்த 26-ஆம் எண் சட்டத்தின் பெயரிலேயே ‘காப்பீட்டு மெதியசியோன்’ என்று இருந்தது. 2020-ல் வேறு சட்டம் வந்து அதை மாற்றிய பிறகும் இந்தச் சொல் புழக்கத்தில்தான் இருக்கிறது. மேலே வழுக்குகிற இடம் என்று சொன்னது இதைத்தான். இவர் கமிஷன் வாங்குகிறவர், இவரை மத்தியஸ்தர் என்று தமிழில் மொழிபெயர்த்தால், விபத்து இழப்பீட்டுக்காகக் காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவருக்கு நீங்கள் தவறான நம்பிக்கையைக் கொடுக்கிறீர்கள்.

மருத்துவக் கட்டுரைகளிலும் இது வரும். வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருட்களை மெதியதோரெஸ் என்று பன்மையில் சொல்வார்கள். அங்கே மனிதரே கிடையாது. அப்புறம் ஸ்பெயினின் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் மெதியதோர் இன்தெர்குல்துரால் என்று ஒருவர் இருப்பார், வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவே மொழி, பழக்கவழக்கம் இரண்டையும் விளக்கிச் சொல்பவர். அங்கே சண்டை இருக்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் என்று மட்டும் போட்டால் அவர் வேலையில் பாதியை விட்டுவிடுகிறீர்கள்.

தேவாலயத்திலும் இதே சொல்தான். கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே கிறிஸ்து ஒருவரே மெதியதோர் என்பது ஸ்பானிஷ் விவிலியத்தின் வழக்கம். மரியாளுக்கு மெதியனேரா என்ற வேறு வடிவம் உண்டு. இந்த மெதியனேராவைத் தேவாலயத்துக்கு வெளியே மத்தியஸ்தர் என்று பயன்படுத்தாதீர்கள், ஏனென்றால் வீட்டு விஷயத்தில் மெதியனேரா என்றால் பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் பொதுவான சுவர். அர்ஜென்டினாவில் வாடகைக்கு வீடு தேடுகிறவர் அந்த அர்த்தத்தில்தான் முதலில் இதைச் சந்திப்பார்.

மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். மெதியதோர் என்பது பல நாடுகளில் பதிவு செய்த தொழிலின் பெயர். ஸ்பெயினில் பல்கலைக்கழகப் பட்டமோ உயர்நிலைத் தொழிற்படிப்போ வேண்டும், அதற்கு மேல் தனிப் பயிற்சி வேண்டும் (2013-ன் அரசாணைப்படி குறைந்தது 100 மணி நேரம்), பொறுப்புக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். அர்ஜென்டினாவின் தேசியச் சட்டப்படி வழக்குக்கு முந்தைய சமரசத்தை நடத்துபவர் வழக்கறிஞராகவும் இருக்க வேண்டும். அங்கே 1995-ல் வந்த சட்டத்திலிருந்தே தலைநகரில் பெரும்பாலான சிவில் வழக்குகளுக்கு முன்னால் இது கட்டாயம், 2010-ல் வந்த 26.589 எண் சட்டம் அதைப் புதுப்பித்தது. சிலேயில் ஜீவனாம்சம், பிள்ளைகள் யாரிடம் வளர்வது, மற்ற பெற்றோர் பிள்ளையைப் பார்க்க வருவது என்ற மூன்றுக்கும் வழக்குத் தொடுப்பதற்கு முன் மெதியதோரிடம் போயாக வேண்டும். ஸ்பெயினும் 2025 ஏப்ரல் 3 முதல், பெரும்பாலான சிவில் வழக்குகளுக்கு முன்னால் ஏதாவது ஒரு சமரச முயற்சி செய்ததற்கான சான்றைக் கேட்கிறது. ஆக, அலுவலகத்தில் இரண்டு பேர் சண்டையைத் தீர்த்துவைத்த அனுபவத்தை வைத்துக்கொண்டு ஸ்பானிஷ் சுயவிவரத்தில் ‘மெதியதோர்’ என்று பதவிப் பெயர் போட்டால், இல்லாத உரிமத்தை இருப்பதாகச் சொல்வதாகப் படும். அந்த இடத்துக்கு ‘அசேர் தே மெதியதோர்’, அதாவது மெதியதோர் மாதிரி இருந்து பேசினேன் என்கிற வினைத்தொடர் இருக்கிறது. அதில் உரிமம் பற்றிய உரிமைகோரல் எதுவும் இல்லை.

## இன்தெர்மெதியாரியோ

இவரும் நடுவே நிற்பவர்தான், ஆனால் சரக்கோ பணமோ தகவலோ இவர் வழியாகக் கடந்து போகிறது. உற்பத்தி செய்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே இருப்பவர், சேமிக்கிறவருக்கும் கடன் வாங்குகிறவருக்கும் நடுவே இருக்கும் வங்கி, எல்லாம் இன்தெர்மெதியாரியோ. நம் இடைத்தரகருக்கு உள்ள கசப்பு இதிலும் உண்டு. ‘சின் இன்தெர்மெதியாரியோஸ்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் இடைத்தரகர் இல்லாமல் நேரடி விற்பனை என்று அர்த்தம், அதை ஒரு நற்செய்தியாகத்தான் போடுகிறார்கள். விவசாயிகள் பற்றிய லத்தீன் அமெரிக்கச் செய்தியில் இந்தச் சொல் வந்தால், விலையில் பாதியை யார் தின்கிறார் என்ற கோபம் பக்கத்திலேயே இருக்கும்.

அதற்காக இதை எப்போதும் கெட்ட சொல் என்று ஒதுக்கிவிட முடியாது. மெக்சிகோவின் சியாபாசில் 1994-ல் சபதிஸ்தா கிளர்ச்சி வெடித்ததும், அரசுக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் நடுவே நின்ற குழுவின் பெயர் தேசிய இன்தெர்மெதியசியோன் ஆணையம், சுருக்கமாக கொனாய். அதன் தலைவர் சான் கிறிஸ்தோபால் தே லாஸ் கசாஸின் ஆயர் சாமுவேல் ரூயிஸ். 1996 பிப்ரவரியில் சான் ஆந்த்ரேஸ் ஒப்பந்தங்கள் கையெழுத்தானதில் அந்தக் குழுவுக்குப் பங்கு உண்டு. 1998-ல் அது கலைந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட இன்னொரு குழுவும் கூடவே இயங்கியது, கொகோபா என்று பெயர், அதன் பெயரில் இந்தச் சொல் இல்லை. யார் எந்தப் பெயரில் மேசையில் உட்காருகிறார்கள் என்பதற்கு அங்கே அவ்வளவு கனம் இருந்தது. இந்த வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர் கொனாயை ‘இடைத்தரகர் ஆணையம்’ என்று எழுதினால் அது பெரிய அநியாயம். அங்கே ‘இடைநிலைக் குழு’ என்றோ மத்தியஸ்தக் குழு என்றோதான் போட வேண்டும்.

எப்போது இதுவே சிறந்த தேர்வு? ஒருவர் இரண்டு பக்கத்துக்கும் செய்தியையோ பொருளையோ கடத்துகிறார், சமாதானம் செய்வது அவர் பொறுப்பில் இல்லை என்றால் இதுதான் துல்லியமான சொல். நிதி, ஏற்றுமதி, வாங்கல் விற்றல் ஒப்பந்தங்களில் மெதியதோரைப் போட்டு அழகுபடுத்த வேண்டாம். இன்தெர்மெதியாரியோ என்று போட்டால் லாபம் வாங்குகிறவர் என்பது வெளிப்படையாக இருக்கும், அது எல்லோருக்கும் நல்லது. ‘போர் இன்தெர்மெதியோ தே’ என்ற தொடரும் இதன் பங்காளி. இன்னார் மூலமாக என்று அர்த்தம், அதில் கசப்பு எதுவும் இல்லை, தாராளமாக எழுதலாம். ‘போர் மெதியசியோன் தே’ என்றால் இன்னார் சொல்லிவைத்ததால், இன்னார் தயவில் என்ற சாயல் கூடும்.

## ஆர்பித்ரோ

கால்பந்து பார்க்கிறவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கும். மைதானத்தில் விசில் ஊதுகிறவர் ஆர்பித்ரோ (அர்ஜென்டினாவில் ரெஃபெரி என்றும் சொல்வார்கள்). ஒப்பந்தத் தகராறில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு முடிவை ஒப்படைக்கிற நபரும் ஆர்பித்ரோதான். அவர் எழுதுவது லாவுதோ, நடுவர் தீர்ப்பு. தமிழில் நடுவர் என்று போடுங்கள், மத்தியஸ்தர் என்று போடாதீர்கள்.

இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள தூரத்தைப் பீகிள் கால்வாய் விவகாரத்தை விடத் தெளிவாகக் காட்டுகிற நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. தென் அமெரிக்காவின் தென்கோடியில் பிக்தோன், நுவேவா, லெனோக்ஸ் என்ற மூன்று தீவுகள் சிலேயுடையதா அர்ஜென்டினாவுடையதா என்று நெடுநாள் தகராறு. 1971-ல் இரு நாடுகளும் அதை ஆர்பித்ராஹேவுக்கு, அதாவது நடுவர் விசாரணைக்கு, விட்டன, முறைப்படி நடுவர் பிரிட்டிஷ் முடியரசு, வழக்கை ஆராய்ந்தவர்கள் சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஐந்து பேர். 1977-ல் லாவுதோ வந்தது, தீவுகள் சிலேக்கு. 1978 ஜனவரியில் அர்ஜென்டினா அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தது. அந்த டிசம்பரில் இரண்டு படைகளும் போரின் விளிம்புக்கே வந்துவிட்டன. அப்போது போப் இரண்டாம் ஜான் பால், கர்தினால் அன்தோனியோ சமோரேயை அனுப்பினார். 1979 ஜனவரி 8-ல் மொன்தெவிதேயோவில் கையெழுத்தான ஆவணத்தில் இரு நாடுகளும் போப்பை மெதியதோராக இருக்கும்படி கேட்டுக்கொண்டன.

அதன் பிறகு ஐந்து வருடத்துக்கும் மேல் இழுத்தது. 1980 டிசம்பரில் போப் முன்வைத்தது ஒரு யோசனைதான், சிலே ஏற்றது, அர்ஜென்டினா பிடிகொடுக்கவில்லை, போப்பால் அவர்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது, ஏனென்றால் அவர் ஆர்பித்ரோ இல்லை. சமோரே 1983-ல் இறந்துபோனார். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி போய் மக்களாட்சி வந்து, மக்களிடம் கருத்துக் கேட்டு, 1984 நவம்பர் 29-ல் வத்திக்கானில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவுகள் கடைசியில் சிலேயிடம்தான் இருந்தன. லாவுதோ சொன்ன அதே முடிவு! ஆனால் மேலிருந்து வந்தபோது ஒரு நாடு தூக்கிப் போட்டதை, பேசிப் பேசித் தானாக ஏற்றுக்கொண்டது. இரு நாடுகளுக்கும் நடுவே ஆந்தீஸ் மலையில் இருக்கும் ஒரு கணவாய்க்கு இன்று கர்தினால் சமோரே என்று பெயர். இந்த வரலாற்றை எழுதும்போது 1977-க்கும் 1979-க்கும் ஒரே சொல்லைப் போட்டீர்கள் என்றால் கதையே காணாமல் போய்விடும்.

ஆர்பித்ரோவை எடுக்க வேண்டிய இடம்: வணிக ஒப்பந்தத்தின் தகராறுப் பிரிவு. அங்கே தப்பித்தவறி மெதியசியோன் என்று எழுதிவிட்டால், தீர்ப்பு வரும் என்று நம்பிக் காத்திருப்பவருக்கு வெறும் பேச்சுவார்த்தை மட்டும்தான் கிடைக்கும். தலைகீழாக எழுதினால் இன்னும் மோசம், பேசத்தானே போகிறோம் என்று நினைத்தவர் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையையே விட்டுக்கொடுத்திருப்பார்.

## கொன்சிலியதோர்

மெதியதோருக்குப் பக்கத்து வீடு. பெரும்பாலான சட்டங்களில் உள்ள வித்தியாசம், இவர் ‘இப்படி முடித்துக்கொள்ளுங்கள்’ என்று தீர்வை முன்வைக்கலாம். கொலம்பியாவிலும் பெருவிலும் வழக்குக்கு முன் நடக்கிற சமரசத்தின் சட்டப் பெயரே கொன்சிலியசியோன். பெருவில் 1997-ன் 26872 எண் சட்டம், கொலம்பியாவில் இப்போது 2022-ன் 2220 எண் சட்டம். அங்கே கையெழுத்தாகும் ஆவணத்தை மீறினால் நேராக நிறைவேற்று நடவடிக்கைக்குப் போகலாம், புதிதாக வழக்குப் போட வேண்டாம். ஸ்பெயினின் மெதியசியோன் உடன்பாட்டுக்கு அந்த வலு வர வேண்டும் என்றால் நோட்டரியிடம் போய்ப் பத்திரமாக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. ஒப்பிடும்போது இதையும் கணக்கில் வையுங்கள். கொலம்பியாவில் கொன்சிலியதோர் என் எகிதாத் என்று ஊர்மக்களே முன்னிறுத்தும் ஆட்களும் உண்டு, அவர்கள் இலவசமாகச் செய்கிறார்கள்.

ஸ்பெயினில் வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்கு இந்தச் சொல் அவசரமானது. ஸ்மாக் என்று சுருக்கமாக அழைக்கும் அலுவலகத்தின் முழுப்பெயரில் மெதியசியோன், ஆர்பித்ராஹே, கொன்சிலியசியோன் மூன்றும் இருக்கின்றன, ஆனால் நீங்கள் கொடுக்க வேண்டிய விண்ணப்பம் பபெலேத்தா தே கொன்சிலியசியோன். பணிநீக்கத்தை எதிர்க்கச் சட்டம் தருவது 20 வேலை நாட்கள்தான். மெதியசியோன் என்று கேட்டுக்கொண்டு அலைந்து நாளை விட்டுவிடக் கூடாது.

இந்தச் சொல்லின் வயதும் பெரியது. 1812-ல் காதிஸில் இயற்றிய அரசியல் சாசனம், ஊர்த் தலைவரே கொன்சிலியதோராக இருப்பார் என்றும், ஒவ்வொரு தரப்பும் ஒரு ‘ஓம்ப்ரே புவேனோ’வை, நல்ல மனிதரை, கூட்டி வர வேண்டும் என்றும், இதைச் செய்து பார்க்காமல் எந்த வழக்கும் தொடங்க முடியாது என்றும் எழுதிவைத்தது. பழைய ஸ்பானிஷ் ஆவணங்களில் ஓம்ப்ரே புவேனோ என்று பார்த்தால் குணத்தைப் பாராட்டுவதாக நினைக்காதீர்கள், அது ஒரு பொறுப்பின் பெயர்.

## அமிகாப்லே கொம்போனெதோர்

சொல்லுக்குச் சொல் ‘நட்போடு சரிசெய்பவர்’. பார்க்க மெதியதோரை விட மென்மையாகத் தெரிகிறது, அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அர்ஜென்டினாவிலும் சிலேயிலும் இவர் சட்டப் பிரிவுகளைவிடத் தன் நியாய உணர்வை வைத்து முடிவெடுக்கும் ஒரு வகை நடுவர். கொலம்பியாவில் நடுவர் என்ற வகையில் வரமாட்டார், ஆனாலும் இவர் முடிவு தரப்பினரைக் கட்டுப்படுத்தும். வழக்கறிஞர் எழுதிக்கொடுத்தால் ஒழிய இதைத் தொடாதீர்கள். வெறும் கொம்போனெதோர் என்றால் சில ஊர்களில் எலும்பு கட்டுகிறவர்.

## ஃபசிலிததோரும் கரான்தேயும்

மெக்சிகோவில் 2024 ஜனவரியில் வெளியான பொதுச் சட்டம், சமரசம் நடத்துபவரை ‘பெர்சோனா ஃபசிலிததோரா’ என்றே அழைக்கிறது. குற்றவியல் சமரசத்துக்கு 2014-லேயே வந்த சட்டத்திலும் ஃபசிலிததோர்தான். ஆகவே மெக்சிகோ ஆவணம் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதையே போடுங்கள். மற்ற நாடுகளில் ஃபசிலிததோர் என்றால் பயிற்சிப் பட்டறை நடத்துகிறவர் என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

அரசியலில் இந்தச் சொல்லுக்கு வேறு வேலை. நடுவே ஒருவர் வேண்டும், ஆனால் அவருக்கு யோசனை சொல்லும் உரிமை கூட வேண்டாம் என்று ஓர் அரசு நினைத்தால் மெதியதோர் என்ற பெயரைத் தவிர்க்கும். 2012 முதல் 2016 வரை ஹவானாவில் கொலம்பிய அரசும் ஃபார்க் என்ற ஆயுதக் கிளர்ச்சி இயக்கமும் பேசியபோது மெதியதோர் என்று யாருமே இல்லை. கியூபாவும் நார்வேயும் கரான்தேஸ், அதாவது உறுதிதரும் நாடுகள். வெனிசுவேலாவும் சிலேயும் அகொம்பஞான்தேஸ், உடனிருக்கும் நாடுகள். இதே நார்வே 2002-ன் இலங்கைப் போர்நிறுத்தத்தில் நடுவே நின்றபோது, ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகள் அதை அனுசரணையாளர் என்று எழுதின. ஃபசிலிததோருக்குத் தமிழில் அதைவிடச் சரியான சொல் இல்லை என்பது என் எண்ணம், அரசியல் செய்தி மொழிபெயர்க்கிறவர்கள் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

## பலப்ரேரோ

இந்தச் சொல் எனக்கு மிகப் பிடித்தது. கொலம்பியாவுக்கும் வெனிசுவேலாவுக்கும் நடுவே கரீபியன் கடலுக்குள் நீண்டிருக்கும் குவாஹிரா தீபகற்பத்தில் வயூ மக்கள் வாழ்கிறார்கள். தாய்வழிக் குலங்கள். இரண்டு குலங்களுக்குள் பகை வந்தால், பாதிக்கப்பட்டவர்களும் பாதிப்பு செய்தவர்களும் பலப்ரேரோவைக் கூப்பிடுகிறார்கள், வயூ மொழியில் அவர் புட்சிப்பூயி. பெரும்பாலும் தாய்மாமன் இடத்தில் இருப்பவர்கள்தான் இந்தப் பொறுப்புக்கு வருகிறார்கள். அவர் ஒரு தரப்பின் சொல்லை இன்னொரு தரப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, இழப்பீட்டைப் பேசி முடிக்கிறார். விலையுயர்ந்த கல் கோத்த மாலைகள், மாடு, ஆடு என்று அது போகும், மிகக் கடுமையான குற்றங்களுக்கும் இந்த வழி உண்டு. 2010-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இதே பலப்ரேரோ ஸ்பெயினில் வாய்ச்சவடால் பேசுகிறவர், வாக்குக் கொடுத்துவிட்டு மறக்கிறவர். ஆக, குவாஹிராவைப் பற்றி எழுதும்போது இதைத் தவிர வேறு எந்தச் சொல்லும் வேண்டாம், மெதியதோர் என்று போட்டால் அந்த மரபின் கனம் போய்விடும். குவாஹிராவைத் தாண்டி ஒரு ஆளை இப்படி அழைக்கவே வேண்டாம்.

## தெருவில் கேட்கும் மற்றவை

கொயோத்தே என்றால் மெக்சிகோவில் அரசு அலுவலக வாசலில் நின்று காசு வாங்கிக் காரியம் முடித்துத் தருகிற புரோக்கர், எல்லை கடத்திவிடுகிறவருக்கும் அதே பெயர். மத்திய அமெரிக்காவின் காபித் தோட்டங்களில் சிறு விவசாயியிடம் கையில் காசு கொடுத்துக் குறைந்த விலைக்கு வாங்கிப்போகும் ஆளையும் இப்படிச் சொல்வார்கள். புரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள், எழுதுவதற்கு வேண்டாம். உரிமத்தோடு அரசு வேலைகளைச் செய்துதருபவர் ஸ்பெயினில் ஹெஸ்தோர் அத்மினிஸ்த்ரதீவோ. கொர்ரெதோர் தரகர், வீடு, காப்பீடு இரண்டுக்கும். ஆனால் மெக்சிகோவில் கொர்ரெதோர் பூப்லிகோ என்றால் சட்டம் அங்கீகரித்த சான்றுரைக்கும் அதிகாரி, அவரைத் தரகர் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். காதலுக்கு நடுவே தூது போகிறவர் செலெஸ்தீனா, அதில் கேலி கலந்திருக்கும்.

## சரி, உங்கள் நிலைமைக்கு எது

நண்பர்கள் இருவர் சண்டையில் நீங்கள் புகுந்து பேசியதைச் சொல்ல வேண்டுமா, மெதியார் என்ற வினையே போதும், பெயர்ச்சொல்லைத் தேட வேண்டாம். சுயவிவரத்தில் சேர்க்க வேண்டுமா, மேலே சொன்ன வினைத்தொடர், அல்லது தகராறு தீர்ப்பதில் அனுபவம் என்று நீட்டி எழுதுங்கள். ஏற்றுமதி ஒப்பந்தத்தில் நடுவே இருப்பவரின் பங்கை எழுதுகிறீர்களா, இன்தெர்மெதியாரியோ, கமிஷன் எவ்வளவு என்பதையும் சேர்த்து. அதே ஒப்பந்தத்தின் தகராறுப் பிரிவில் முதலில் மெதியசியோன், அதில் முடியாவிட்டால் ஆர்பித்ராஹே என்று இரண்டையும் படிப்படியாக வைப்பது பரவலான வழக்கம், அப்படி வைத்தால் இரண்டு சொல்லையும் கலக்காமல் தனித்தனி வாக்கியத்தில் எழுதுங்கள். நீதிமன்ற ஆவணம் மொழிபெயர்க்கிறீர்கள் என்றால் அந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கும் பெயரை அப்படியே வைத்து, பக்கத்தில் தமிழ் விளக்கம் கொடுங்கள். கொலம்பிய கொன்சிலியதோரை மெதியதோராக மாற்றி எழுதுகிற உரிமை மொழிபெயர்ப்பாளருக்குக் கிடையாது.

ஆளின் பாலினம் தெரியாதபோது ஸ்பானிஷ் உங்களைக் கொஞ்சம் சிரமப்படுத்தும். மெதியதோரா, கொன்சிலியதோரா, இன்தெர்மெதியாரியா, ஆர்பித்ரா எல்லாமே நல்ல ஸ்பானிஷ்தான், பெண் என்று தெரிந்தால் அதையே எழுதுங்கள். தெரியாவிட்டால் மெக்சிகோ சட்டம் செய்ததையே நீங்களும் செய்யலாம். முன்னால் ‘பெர்சோனா’ என்று சேர்த்து, ‘பெர்சோனா மெதியதோரா’ என்று எழுதினால் இருவருக்கும் பொருந்தும்.